கண்ணாடிப் பெட்டியும் மாலை மழையும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெரிய சாலையில் பிச்சைமுத்துவின் பேட்டரிக் கடையைத் தெரியாத லோரிக்காரன் இருந்தால், அவன் நேற்றுதான் லைசென்ஸ் எடுத்தவனாக இருப்பான். மரம் ஏற்றுகிற லோரி, மணல் அள்ளுகிற லோரி, ரப்பர் பால் எடுக்கிற கித்தாத் தோட்டத்துக் கிழட்டு டிராக்டர், எதன் பேட்டரி செத்தாலும் உயிர் பிழைக்க அங்கேதான் வரும். அப்படிப்பட்ட கடைக்கு எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கடைசியில் கெட்ட பெயர் வரப் பார்த்தது. சார்ஜ் போட்டுக் கொடுத்த பேட்டரிகள் ஒரு மாதம்கூடத் தாங்காமல் திரும்பி வந்தன. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தகடுகளில் வெள்ளை பூத்திருந்தது.

குற்றம் பேட்டரியில் இல்லை. அதில் ஊற்றிய தண்ணீரில் இருந்தது. பேட்டரிக்கு ஆவியாக்கி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதை டின் டின்னாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த ஆள், கொஞ்ச நாளாகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"நான் அவன நம்புனேன் மச்சான். அவன் பைப்ப நம்பியிருக்கான்," என்றார் பிச்சைமுத்து.

ஜெயபாலன் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "நாமளே செஞ்சுக்கலாம். வெயில் இருக்குல்ல," என்றான்.

அந்த ஆண்டில் அவன் தானாக வாய் திறந்து சொன்ன முதல் யோசனை அதுதான். என்ன, ஏது என்று கேட்காமல் பிச்சைமுத்து சரி என்றார்.

ஜெயபாலன் அவருடைய தங்கை புருஷன். கல்லூரியில் படித்துவிட்டு அந்த ஊர்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்க வந்தவன். செண்பகத்தைக் கட்டிக்கொண்டு மச்சான் வீட்டு மாடியிலேயே குடித்தனம் வைத்தான். மாசி மாதம் செண்பகம் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் வந்தவர்கள் கலைந்து போனார்கள். அவன் போகவில்லை. அவனைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போனான், வந்தான். பிச்சைமுத்துவின் மனைவி ராக்காயி போட்ட சோற்றைச் சாப்பிட்டான். அழுகை வரவில்லை. துக்கம் பக்கத்து வீட்டில் நடப்பது போலவும், சுவர் வழியாக அந்தச் சத்தம் மட்டும் இவனுக்குக் கேட்பது போலவும் இருந்தது.

ஆண்டு விடுமுறை தொடங்கியதும் ஈப்போ பக்கத்து லகாட்டிலிருந்து அவனுடைய அண்ணன் அப்பாவு சொல்லியனுப்பினார். ஜனவரிக்குள் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் கேட்க வேண்டும். பெண்டாட்டியே போன பிறகு மச்சான் வீட்டில் அவனுக்கு என்ன வேலை என்று நாலு பேர் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு தானே வந்து பேசி முடிப்பதாகச் சொல்லியிருந்தார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஜெயபாலனுக்குப் போக மனமில்லை என்பது மட்டும் தெரிந்தது. வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்று வேண்டியிருந்தது. பேட்டரித் தண்ணீர் அந்தக் காரணமாக வந்து சேர்ந்தது. கடைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஜாடி தண்ணீர் வேண்டும். அதை அவன் செய்து கொடுத்துவிட்டால், 'நான் போனா கடை நின்னுரும்ணே' என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம்.

மறுநாளே வேலை தொடங்கியது. கட்டில் அகலத்துக்கு ஒரு பலகைப் பெட்டி. உள்ளே கறுப்பு வர்ணம் அடித்த தகரத் தட்டு. மேலே, மூடிப்போன ஒரு துணிக்கடையின் காட்சிக் கண்ணாடி. தட்டில் தண்ணீர் ஊற்றினால் வெயிலில் சூடேறி ஆவியாகும். ஆவி கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பட்டுத் துளியாகும். துளி வழிந்து ஓரத்துக்கு வந்து, அங்கே நீளவாக்கில் பிளந்து வைத்த பிளாஸ்டிக் குழாயில் ஓடி, வெளியே, குழாய் நுழைய மட்டும் இடம் விட்டு வாயை அடைத்த ஜாடியில் விழும். உப்பும் சுண்ணாம்பும் தட்டிலேயே தங்கிவிடும். ஆசிட் வந்த பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுத்தாள் ராக்காயி.

எல்லாம் சரி. துளிதான் வழியவில்லை.

கண்ணாடியை எவ்வளவு சாய்ப்பது என்று ஜெயபாலன் புத்தகத்தைப் பார்த்திருந்தான். ஊர் பூமியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை தள்ளி இருக்கிறதோ அத்தனை பாகை சாய்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எழுதியவர் குளிர் தேசத்துக்காரர். நடுக்கோட்டை ஒட்டிய பேராக்குக்கு அந்தக் கணக்கைப் போட்டால் கண்ணாடி ஏறக்குறையப் படுத்தே கிடக்க வேண்டும். அவனும் படுக்க வைத்தான். துளிகள் கண்ணாடியில் தொங்கின, பருத்தன, எங்கேயும் போகாமல் மறுபடி தட்டிலேயே விழுந்தன.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடை நைனா முகம்மது தேத்தண்ணி மங்குடன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"வாத்தியாரே, இது என் மச்சினன் வேலைக்குப் போற மாதிரி லா இருக்கு. எந்திரிக்கிறான், வாசல் வரைக்கும் போறான், திரும்பி வந்து படுத்துக்கிறான். மச்சான் வீட்டுச் சோறு அப்படி..." என்று தொடங்கியவர், யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஓங்களச் சொல்லல வாத்தியாரே."

"தெரியும் நைனா நானா," என்றான் ஜெயபாலன். ஆனாலும் அன்றைக்கே பெட்டியின் பின்பக்கத்தைப் பலகை வைத்து உயர்த்தினான். வீட்டுக் கூரைபோலக் கண்ணாடி சாய்ந்ததும் துளிகள் வழியத் தொடங்கின.

அடுத்து ஆவி தப்பித்தது. கண்ணாடி பலகையில் உட்காருகிற இடமெல்லாம் மூச்சுவிட்டது. இடைவெளியில் பூசிய மக்கு ஒரே வெயிலில் வெடித்தது. மோட்டார் சைக்கிள் டியூப்பை வாராக வெட்டி, கண்ணாடியின் அடியில் சுற்றிலும் வைத்து, மேலே சட்டம் அடித்து இறுக்கினார் பிச்சைமுத்து. மூச்சு நின்றது.

பிறகு பிச்சைமுத்துவுக்கே ஒரு யோசனை வந்தது. ஜெயபாலன் பாசாருக்குச் சாமான் வாங்கப் போன நேரத்தில் தட்டின் விளிம்பு வரை தண்ணீரை நிரப்பிவிட்டார். சாயங்காலம் பார்த்தால் ஜாடியின் அடிதான் நனைந்திருந்தது.

"நெறைய ஊத்துனாத்தான மச்சான் நெறைய வரும்?"

"ஒரு அண்டாத் தண்ணிய அடுப்புல வச்சா எப்பக் கொதிக்கும்? ஒரு டம்ளர் வச்சா எப்பக் கொதிக்கும்?"

பிச்சைமுத்து உள்பக்கம் திரும்பினார். "ராக்காயி, நாளையிலேருந்து எனக்கு ஒரு ஒரு டம்ளரா தேத்தண்ணி போடு. சீக்கிரம் வரும்," என்றார்.

"வரும் வரும். நீங்க போயிப் போட்டா வரும்," என்றாள் உள்ளேயிருந்து.

அதற்குப் பிறகு தட்டில் விரல் நகம் முங்குகிற அளவுக்குத்தான் தண்ணீர். நைனா முகம்மது கடையின் அரிசிச் சாக்கைக் கிழித்துக் கறுப்புச் சாயத்தில் முக்கி, அந்தத் தண்ணீரில் பரப்பினான் ஜெயபாலன். ஈரச் சாக்கு வெயிலை நன்றாகக் குடித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜாடியில் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. பாதி ஜாடிக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

மழைக்காலம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். பகல் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும். முதல் இடி இடித்ததும் பிச்சைமுத்து கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, லோரிக்குப் போடுகிற கன்வாஸைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவார். இந்த முனையை அவர் பிடிக்க, அந்த முனையை ஜெயபாலன் பிடிக்க, பெட்டியை மூடி, கல் வைத்து, நனைந்துகொண்டே திரும்புவார்கள். மழை விடும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

ஏன் மூட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். பால் மரத்தில் மழை இறங்கினால் கோப்பையில் பால் கெட்டது, அன்றைய கூலி போனது. உலர்த்திய ரப்பர் ஷீட்டு, கொடியில் துணி, பாயில் மிளகாய், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: மழை வந்தால் ஓடிப் போய் மூடு. படித்தவனுக்கும் கால்தான் முதலில் ஓடியது, மூளை ஓடவில்லை.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை அப்பாவு வந்துவிட்டார். கையில் தம்புன் பம்பளிமாஸ் பழம் ஒரு பை. அவர் லகாட் பக்கம் ஈயச் சுரங்கத்தில் மண்மேட்டைத் தண்ணீர் பீச்சிக் கரைக்கிற குழாய் பிடிப்பவர். அந்தத் தோள்கள் வாசலை அடைத்தன. ராக்காயி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது யாரும் விஷயத்தைத் தொடவில்லை. வெற்றிலை மடித்தபோதுதான் அப்பாவு தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எந்தம்பிய இத்தன நாளும் ஓங்க வீட்டுப் புள்ள மாதிரி வச்சிருந்தீங்க. நாங்க இல்லேங்கல. ஆனா அவனுக்கு வயசு என்ன? இப்புடியே விட்டுற முடியுமா?"

"முடியாதுங்க," என்றார் பிச்சைமுத்து.

"வீட்டுல எங்க பெரியம்மா கேக்குறாங்க, 'அவன் என்னடா அங்க பேட்டரியா கழுவுறான்'னு."

"தண்ணி செய்யிறேண்ணே," என்றான் ஜெயபாலன்.

"அதான் பாத்தேனே. ஒரு நாளு பூரா வெயில்ல கெடந்து அரை ஜாடி. எங்க ஈய லம்பத்துல நான் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஒரு கொளத்துத் தண்ணியப் பீச்சிருவேன்."

மலைப்பக்கம் முதல் இடி இடித்தது. பிச்சைமுத்துவின் முழங்கால் தானாக எழுந்தது. ஆனால் அப்பாவு அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். பெண் எடுத்த வீட்டுப் பெரியவர், இறந்துபோன தங்கையின் புருஷனைப் பற்றிப் பேசும்போது எழுந்து ஓட முடியுமா? பிச்சைமுத்து முழங்காலை அழுத்திப் பிடித்து உட்கார்ந்தார். ஜெயபாலனைப் பார்த்தார். அவனாலும் அசைய முடியவில்லை. பேச்சே அவனைப் பற்றியது.

மழை கொட்டியது. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் அப்பாவுவின் குரல் அமுங்கியது. அவர் குரலை உயர்த்தினார். மழையும் உயர்த்தியது. கடைசியில் அவரும் பேச்சை விட்டுவிட்டு வெற்றிலையை மென்றார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மழை விடக் காத்திருந்தார்கள். ஜெயபாலனுக்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை. போச்சு, அரை ஜாடியும் போச்சு என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு மழை சீக்கிரமே ஓய்ந்தது. பிச்சைமுத்துதான் முதலில் பின்கட்டுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்று, "மச்சான்!" என்று கத்தினார்.

ஜாடி கழுத்து வரை நிறைந்திருந்தது.

"மழ உள்ள எறங்கிருச்சு," என்றார் பின்னால் வந்த அப்பாவு. "கதை முடிஞ்சுது."

பிச்சைமுத்து தலையில் கை வைத்தார். ஜெயபாலன் குனிந்து கண்ணாடிக்கு அடியில் பார்த்தான். அங்கே துளிகள் இல்லை, ஓடைகள்தான் இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து விடாமல் வழிந்துகொண்டிருந்தன. கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்றிருந்தது. பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டான். சுட்டது.

இரண்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தான். ஆவி துளியாவதற்குக் கண்ணாடி குளிர்ந்திருக்க வேண்டும். இதைப் படிவம் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன் அவன். காலை முழுதும் வெயில் தட்டைச் சூடாக்கிக் கொடுத்தது. சாயங்காலம் மழை தானே வந்து கண்ணாடியைக் குளிர்விக்கப் பார்த்தது. அவர்கள் இருவரும் தினமும் ஓடி ஓடிப் போய் அதற்குக் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்.

"அக்கா, துணிக்குப் போடுற நீலம் இருக்கா?"

"இந்நேரத்துல எந்தத் துணிய வெளுக்கப் போறீங்க தம்பி?" என்று கேட்டபடியே ராக்காயி எடுத்து வந்தாள்.

ஒரு வாளித் தண்ணீரில் நீலத்தைக் கலக்கினான். ஜாடியை நகர்த்திவிட்டு, குழாயின் வாயில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தான்.

"இத மேல ஊத்துவேண்ணே. மழத்தண்ணி உள்ள போற வழி இருந்தா நீலமும் போகும். டம்ளர் நீலமா வரும்."

"வராட்டி?"

"வராட்டி இது அசல் பேட்டரித் தண்ணி."

அவன் ஊற்றத் தொடங்கினான். தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்தது. அப்பாவுவால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அட, இப்புடியா ஊத்துவாங்க? கொண்டா இங்க." வாளியைப் பிடுங்கினார். மேல் விளிம்பில் கையைத் தடுப்பாக வைத்து, கண்ணாடி முழுதும் ஒரே சீராக, மெல்லிசாக, வேட்டி விரிக்கிற மாதிரித் தண்ணீரை விரித்தார். மலையைக் கரைக்கிற கை அது. ஒரு இடம் விடாமல் நனைத்தது.

வேலிக்கு அப்பாலிருந்து நைனா முகம்மது எட்டிப் பார்த்தார். "என்ன லா நடக்குது? பெட்டிக்குச் சாயம் போடுறீங்களா?"

எல்லோரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிமேல் நீலம் ஓடியது. பெட்டியின் பக்கவாட்டில் நீலம் வழிந்தது. அப்பாவுவின் வேட்டி ஓரம் நீலமாயிற்று. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் சாயங்கால வெளிச்சத்தில் வெறும் வெளிச்சமாகவே இருந்தது. ஒரு பொட்டு நிறம் இல்லை. வர வர வேகமாகவும் விழுந்தது.

"அலாமாக்!" என்றார் நைனா முகம்மது. "மேல நீலம், கீழ பன்னீரு!"

பிச்சைமுத்து டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நிறைந்த ஜாடியைப் பார்த்தார். பிறகு மூலையில் சுருட்டிக் கிடந்த கன்வாஸைப் பார்த்து, அதைக் காலால் ஒரு எத்து எத்தினார். "இத்தன நாளா இந்தச் சனியன வேற தூக்கிச் சொமந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாலனும் சிரித்தான். சிரித்த பிறகுதான், சிரித்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

அப்பாவு வாளியை வைத்துவிட்டு வேட்டியைப் பிழிந்தார். அவருக்கு மனம் குளிர்ந்துதான் இருந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே சொன்னார்: "அப்ப நல்லதாப் போச்சு. வெயில் அது பாட்டுக்கு அடிக்கும், மழ அது பாட்டுக்குப் பேயும். காலையில ஒருத்தர் ஒரு வாளித் தண்ணி ஊத்துனாப் போதும். அத ராக்காயியே பாத்துக்கும். இனிமே எந்தம்பி எதுக்கு இங்க?"

சிரிப்பு நின்றது.

அண்ணன் சொன்னது சரி. பெட்டி சரியாக ஓடாத வரைக்கும் அவனுக்கு அங்கே வேலை இருந்தது. இப்போது ஓடிவிட்டது. இத்தனை நாள் கட்டிக் கட்டி உயர்த்திய காரணம், கண்ணெதிரே சொட்டுச் சொட்டாகத் தீர்ந்து போயிருந்தது. ஜெயபாலன் வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. உண்மை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"தண்ணிக்காக இல்லண்ணே," என்றான். "எனக்கு இங்க இருக்கணும் போல இருக்கு."

"ஏன்?"

"நடுவுல ஒரு தடவ லகாட்டுக்கு வந்தப்ப எனக்குச் சோறு எறங்கல. இங்க பசிக்குது."

அப்பாவு பிச்சைமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சம்பந்தி? வெளிப்படையாச் சொல்லுங்க. ஓங்களுக்குப் பாரமா இல்லியா?"

பிச்சைமுத்து பெட்டியின் சட்டத்தில் ஒட்டியிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "மழ வந்தா நான் எதுக்குங்க அப்புடி ஓடுனேன்? இந்தத் தண்ணி இல்லாட்டி ஈப்போவுல இன்னொருத்தன்கிட்ட வாங்கிட்டுப் போறேன். இந்தப் பெட்டி கெட்டுப் போச்சுன்னா மச்சான் பொட்டியக் கட்டிருவாரோன்னுதான் ஓடுனேன்."

ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு, "பின்கட்டுல நின்னு பேசுனது போதும். தேத்தண்ணி ஆறுது," என்று எல்லாரையும் உள்ளே விரட்டினாள். தேத்தண்ணி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் அப்பாவு கிளம்பினார். ஜெயபாலன் பஸ் நிறுத்தம் வரை உடன் நடந்தான். சாலையோரப் பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்றது. லோரிகள் அதைக் கிழித்துக்கொண்டு போயின. அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பஸ் வந்து நின்ற பிறகு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"பெரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பொங்கலுக்கு வா. சாப்பிட முடிஞ்சாச் சாப்புடு, முடியாட்டி சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போ."

"வாரேண்ணே."

"வேட்டிச் சாயம் போகுமா?"

"போவாது."

"போவாதாம்," என்று டிரைவரிடம் புகார் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே ஏறினார்.

ஜெயபாலன் திரும்பி நடந்தான். கடை வாசலில் ஒரு மர லோரி நின்றது. டிரைவர் மூடியைத் திறந்துவிட்டு ஓரமாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பிச்சைமுத்து பாதி உடம்பை லோரிக்குள் விட்டிருந்தார். லோரி பேட்டரி ஒரு ஆள் தூக்கக் கூடியது அல்ல.

காலடிச் சத்தம் கேட்டுத் தலையை வெளியே நீட்டினார். "எங்க போயி நிக்கிற? அந்தப் பக்கம் புடி மச்சான்."

ஜெயபாலன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.